இரண்டு கையும் முழங்காலில்

ஸ்காபரோவில் ஒரு வெயார்ஹவுஸில் நான் இரவு ஷிஃப்ட் செய்த காலத்தில் எங்களோடு ஒரு கனேடியர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். வண்டியில் சின்ன ரேடியோ ஒன்றைக் கம்பியால் கட்டி வைத்திருப்பார், அது எந்நேரமும் கியூ 107இல்தான் நிற்கும். அதில் வந்த எதுவும் எனக்கு அப்போது விளங்காது, எல்லாம் இரைச்சல்தான். ஆனால் ஒரு சில பாட்டுகள் வந்தால் மட்டும் மனிதர் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு ஆட்காட்டி விரலாலும் ஸ்டியரிங்கில் அடிக்கத் தொடங்குவார். சும்மா தாளம் போடுகிற மாதிரி இல்லை. எந்த இடத்தில் உருட்டு வருகிறது, எந்த இடத்தில் சிம்பல் வருகிறது என்று ஒவ்வொரு அடியும் அவருக்குத் தெரியும், தலைக்கு மேலே இல்லாத ஒரு சிம்பலை எட்டிக்கூட அடிப்பார். பலட் இறங்கும்வரை நாங்கள் காத்து நிற்போம். ஒருநாள் இது யார் என்று கேட்டேன். "ரஷ். உன்னுடைய ஊர்க்காரர்" என்றார். ஊர் என்றதும் எனக்கு நினைவு வந்தது வேறு இடம். அவர் சொன்னது ரொறன்ரோவை, ரஷ் அங்கிருந்து வந்த ராக் இசைக்குழு.

நான் கனடாவுக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகாத நேரம் அது. ரொறன்ரோவை என் ஊர் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இங்கே வானொலியில் போகிற பாட்டுகளில் நூற்றுக்கு 35 கனேடியர்களுடையதாக இருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் ஒரு இரவுக்கு இரண்டு மூன்று தடவையாவது ரஷ் வந்துவிடும். கேட்கக் கேட்கப் பழகிவிட்டது. அப்புறம் அவர்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். பாடிக்கொண்டே பேஸ் கிற்றார் வாசிக்கிற கெடி லீயின் பெற்றோர் போலந்து யூதர்கள், அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிரோடு மீண்டு கனடாவுக்கு வந்தவர்கள். அவருடைய உண்மைப் பெயர் கேரி. தாயார் தன் நாட்டு உச்சரிப்பில் அதைக் கெடி என்று கூப்பிட்டதை நண்பர்கள் பிடித்துக்கொண்டார்கள், அதுவே பெயராகிவிட்டது. கிற்றார்க்காரர் அலெக்ஸ் லைஃப்ஸனின் வீட்டில் சேர்பிய மொழி. அவர்களுடைய குடும்பப் பெயரில் சேர்பியனில் "உயிர்" என்ற சொல் இருக்கிறதாம், அதையே ஆங்கிலமாக்கி லைஃப்ஸன் என்று வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் வில்லோடேலில் ஒரே பாடசாலையில் படித்த பொடியன்கள். வீட்டில் ஒரு மொழியும் வெளியே ஒரு மொழியுமாக வளர்ந்தவர்கள். இதை வாசித்த பிறகு அந்த இரைச்சல் எனக்கு அந்நியமாக இருக்கவில்லை.

மூன்றாவது ஆள் நீல் பியர்ட். 1974 ஜூலையில் வந்து சேர்ந்த ட்ரம்மர். மற்ற இருவருக்கும் பாட்டு எழுத விருப்பமில்லாததால், நிறைய வாசிக்கிறவன் என்று வரிகள் எழுதுகிற வேலையையும் இவரிடம் கொடுத்துவிட்டார்கள். ஸ்டியரிங்கில் அடித்தவர் அடித்ததெல்லாம் இவருடைய அடிகள்தான்.

ரஷ் கேட்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். மேடையில் மூன்றே பேர், ஆனால் பத்துப் பேரின் சத்தம். 1976இல் வந்த "2112" அல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபது நிமிடம். ஏழு எண்ணிக்கை, ஐந்து எண்ணிக்கை என்று தாளம் மாறிக்கொண்டே இருக்கும். கெடி லீயின் குரல் உச்சத்தில் கீச்சிடும், அதனாலேயே அவர்களை வெறுத்தவர்கள் நிறைய. எங்கே இடைவெளி கிடைத்தாலும் அதை நிரப்பிவிடுகிற ஆட்கள். மெதுவான பாட்டு என்று விரல்விட்டு எண்ணக்கூடியதுதான், அதிலும் பாதி என் மனதில் நிற்காதவை.

ஆனால் ஒன்று நின்றது. 1982இல் வந்த "சிக்னல்ஸ்" அல்பத்தில் "லூசிங் இற்" என்று ஒரு பாட்டு. பென் மிங்க் என்பவரின் மின்வயலின் அதற்குள் அழுதுகொண்டே போகும். ஒரு வயதான நடனக்காரி, கால் ஒத்துழைக்கவில்லை. ஒரு வயதான எழுத்தாளன், காகிதத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான், சொல் வரவில்லை. திறமையே இல்லாமல் வாழ்ந்துவிடுவதைவிட, இருந்த திறமை கையைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது கொடுமை என்கிற மாதிரி முடியும். அருமையான பாட்டு. ஆனால் அதை எழுதியபோது பியர்ட்டுக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. உலகத்தில் அவரைப்போல அடிக்க ஆளில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். முதுமை என்றால் அவருக்கு அப்போது ஒரே அர்த்தம்தான், கையில் இருக்கிறது பறிபோகும்.

பறிபோனது. ஆனால் அவர் நினைத்த விதத்தில் இல்லை. 1997 ஓகஸ்ட்டில் அவருடைய ஒரே மகள் பல்கலைக்கழகத்துக்குக் காரில் போகும் வழியில் விபத்தில் இறந்தாள், வயது 19. பத்து மாதம் கழித்து, 1998 யூனில், மனைவி புற்றுநோயில் போய்விட்டார். மகளின் இறுதிச் சடங்கிலேயே மற்ற இருவரிடமும், என்னை ஓய்வுபெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். பிறகு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கனடா, அலாஸ்கா, அமெரிக்கா முழுக்க, மெக்சிகோ, பெலீஸ் வரைக்கும், 14 மாதத்தில் சுமார் 88,000 கிலோமீற்றர். அதைப் பற்றி அவரே எழுதிய "கோஸ்ட் ரைடர்" என்ற புத்தகத்தை நான் இரண்டு முறை தொடங்கி, இரண்டாம் முறைதான் முடித்தேன். மற்ற இருவரும் வேறு ட்ரம்மர் தேடவில்லை, அவரை அவசரப்படுத்தவுமில்லை. காத்திருந்தார்கள். திரும்பி வந்தார், மறுபடி திருமணம் செய்தார், 2002இல் அல்பம் வந்தது, 2009இல் இன்னொரு மகள் பிறந்தாள்.

இந்த இடத்திலிருந்துதான் 2012 யூனில் வந்த "க்ளொக்வேர்க் ஏஞ்சல்ஸ்" அல்பத்துக்கு வரவேண்டும். முழு அல்பமும் ஒரே கதை. எல்லாவற்றையும் நேரம் தவறாமல் நடத்துகிற ஒரு கடிகாரக்காரன் ஆளுகிற உலகம். அதில் ஒரு கிராமத்துப் பையன் வீட்டைவிட்டுக் கிளம்பி, நகரம், திருவிழாக் கூட்டம், பாலைவனம், கப்பல் கவிழ்ப்பவர்கள் என்று அடிபட்டு அலைகிறான். உண்மையைச் சொன்னால் அல்பத்தின் நடுப்பகுதி எனக்குக் கொஞ்சம் களைப்புத்தான், சுவருக்குச் சுவர் சத்தம். கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் அப்படிப் போன பிறகு கடைசியாக வருகிறது "த கார்டன்". பையன் கிழவனாகிவிட்டான். தோட்டம் ஒன்று வைத்திருக்கிறான். அவ்வளவுதான் கதை.

இந்தத் தோட்டம் பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேரிடமிருந்து வந்தது, பியர்ட் அதை மறைக்கவும் இல்லை. 1759இல் வந்த "கண்டீட்" நாவலில், உலகத்தில் நடப்பதெல்லாம் நன்மைக்கே என்று போதிக்கப்பட்ட ஒரு இளைஞன் யுத்தம், நிலநடுக்கம், கப்பல் விபத்து எல்லாவற்றுக்குள்ளாலும் போய்க் கடைசியில் ஒரு சின்னக் காணியில் வந்து நிற்பான். நமது தோட்டத்தை நாம் பயிரிடவேண்டும் என்று சொல்வான். பியர்ட் தன் பாட்டின் முதல் வரியிலேயே அந்த "எல்லாம் நன்மைக்கே"யை எடுத்து, அதற்குப் பக்கத்தில், இல்லாவிட்டால் இது ஏதோ விசித்திரமான சோதனையோ என்று ஒரு கேள்வியை வைக்கிறார். மகளையும் மனைவியையும் பத்து மாத இடைவெளியில் பறிகொடுத்த ஒருவர் இதைக் கேட்கிறார் என்று தெரிந்த பிறகு அந்த வரியைச் சும்மா கடந்துபோக முடியாது. ஆனால் கேட்டுவிட்டு அங்கேயே நிற்காமல் மேலே போகிறார். ஒரு வாழ்க்கைக்கு அளவுகோல் அன்பும் மரியாதையும்தான் என்கிறார். சம்பாதிக்க நாளெடுக்கும், எரித்துவிட ஒரு நிமிடம் போதும் என்கிறார். திறமை பற்றி ஒரு சொல் இல்லை. முப்பது வருடத்துக்கு முன் அந்த நடனக்காரிக்கும் எழுத்தாளனுக்கும் எது போனதென்று அழுதாரோ, அந்தக் கணக்கே இந்தப் பாட்டில் கிடையாது. எதையும் இழக்காத வயதில் இழப்பைப் பற்றி அப்படி எழுதியவர், எல்லாம் இழந்த பிறகு எழுதியதில் இழப்பைக் காணோம். நான் இந்தப் பாட்டுக்குத் திரும்பத் திரும்ப வருவது இதற்காகத்தான்.

இசையிலும் அதே மாதிரித்தான் நடக்கிறது. தந்தி வாத்தியங்கள் மெல்லக் கிளம்புகின்றன, அவற்றை அமைத்தவர் டேவிட் காம்ப்பெல். அக்கூஸ்டிக் கிற்றார் வருகிறது. கெடி லீ கீழ்ச் சுரத்தில் பாடுகிறார். எழுபதுகளில் கூரையைப் பிளந்த குரல், இப்போது பக்கத்துக் கதிரையில் இருந்து கதைக்கிற மாதிரி. ட்ரம்ஸ் இல்லை. உலகத்திலேயே அதிகம் பேர் நகலெடுத்த ட்ரம்மர் தன்னுடைய பாட்டில் சும்மா இருக்கிறார். பிறகு வருகிறார், ஆனால் தாங்கிப் பிடிக்க மட்டும் வருகிறார். அந்த அல்பம் முழுக்கவே அவர் முன்கூட்டி ஒத்திகை பார்க்காமல் அடித்ததாம். தயாரிப்பாளர் நிக் ரஸ்குலினெக்ஸ் அவருக்கு முன்னால் நின்று, ட்ரம்ஸ் குச்சி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நடத்துநர் மாதிரிக் கைகாட்ட, பியர்ட் அந்த நேரத்தில் தோன்றியதை அடித்திருக்கிறார். அதுவரை ஒவ்வொரு அடியையும் வாரக்கணக்கில் யோசித்து வைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனவர், அறுபதை நெருங்கும்போது அந்தப் பிடியை விட்டுவிட்டார்.

நடுவில் ஒரு பியானோ. அதை வாசித்தவர் இந்தக் குழுவைச் சேர்ந்தவர் இல்லை, ஜேசன் ஸ்னைடர்மன் என்ற ரொறன்ரோக்காரர். அவருடைய தகப்பன்தான் யங் வீதியில் பெரிய நியோன் இசைத்தட்டுகள் சுழன்ற "சாம் த ரெக்கோர்ட் மான்" கடையை நடத்தியவர். அந்தப் பியானோ ஒன்றுமே செய்வதில்லை, நாலைந்து சுரத்தை எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்கு இடம் விடுகிறது. அந்த இடத்தில் லைஃப்ஸன் ஏறுகிறார். அவர் வேகமாக வாசித்த சோலோக்கள் நூறு இருக்கும். இது வேகமில்லை, ஒவ்வொரு சுரத்தையும் பிடித்து வளைத்து முழுக்க ஒலிக்கவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகிறது. என்னைக் கேட்டால் அவர் வாசித்ததில் இதுதான் மிக நல்லது. 2112இலிருந்து வேறொன்றைச் சொல்லி யாரும் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

இந்த அல்பம் வந்தபோது எங்கள் வீட்டு நிலைமையையும் சொல்லவேண்டும். அதற்கு முந்தின வருடம் பனிக்காலத்தில் அம்மா போய்விட்டா. அப்பா ஒவ்வொரு மார்ச் மாதமும் தயிர் வாங்கிக் காலியான பிளாஸ்ரிக் கப்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, மிளகாயும் கத்தரியும் விதைத்துக் குசினி யன்னல் விளிம்பில் வரிசையாக வைப்பார். வெளியே இரண்டடிப் பனி நிற்கும், யன்னலில் கன்று முளைக்கும். மே மாதத்து விக்டோரியா நாள் விடுமுறை தாண்டினால்தான் இங்கே உறைபனிப் பயம் இல்லாமல் வெளியே நடலாம். அம்மா போன வருடம் அந்தக் கப்கள் வரவில்லை. பின்வளவில் புல் முழங்கால் வரை வளர்ந்து கிடந்தது. நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, அவரும் கதைக்கவில்லை.

அடுத்த மார்ச்சில் ஒருநாள் காலை வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், யன்னல் விளிம்பில் பதினொரு கப்.

யூனில் சீடி வாங்கினேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்க மனம் வராமல் கடைசிப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் பக்கவாட்டால் பின்வளவில் ஒரு துண்டு தெரியும். அப்பா பயிற்றைக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். பழைய சாரம் ஒன்றை நீளநீளமாகக் கிழித்துத் தோளில் போட்டிருந்தார். ஒவ்வொரு துண்டாக உருவி, கொடியைக் கம்போடு சேர்த்து, இறுக்கிவிடாமல் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாகக் கட்டினார். கட்டிவிட்டு அந்த விரலை விட்டுப் பார்த்தார். அடுத்த கொடிக்குப் போனார். பாட்டு முடிகிறவரைக்கும் ஐந்தோ ஆறோ கட்டியிருப்பார். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டு எனக்குப் பிடிபட்டது. அந்த வருடம் காய்த்ததில் முக்கால்வாசியைப் பைகளில் போட்டு அயல் வீடுகளின் வாசலில் வைத்தார், அதில் பாதிப்பேருக்குப் பயிற்றங்காயை என்ன செய்வதென்றே தெரிந்திருக்காது.

அதே 2012 ஒக்ரோபரில் ரொறன்ரோ எயார் கனடா சென்ரர் அரங்கில் ரஷ் கச்சேரி. ஃபோர்க்லிஃப்ட்காரர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார், மேலே கடைசி வரிசைகளில் இருக்கை. ரஷ் கச்சேரிக்குப் போனவர்களுக்குத் தெரியும், அரங்கத்தில் பாதி ஆட்கள் காற்றில் ட்ரம்ஸ் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆயிரக்கணக்கான பேர், எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் ஒரே சிம்பலுக்குப் போகும். பார்க்கவே புல்லரிக்கும். என் பக்கத்தில் இருந்தவரும் முதல் பாதி முழுக்க அடித்தார், வியர்த்துவிட்டார். அந்தச் சுற்றுப்பயணத்தில் தந்தி வாத்தியக்காரர்கள் சிலரை மேடையில் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். அதுவரை இந்த மூன்று பேரும் வேறு யாரையும் சுற்றுப்பயணத்தில் மேடையில் ஏற்றியதே இல்லை. "த கார்டன்" தொடங்கியது. நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய இரண்டு கையும் முழங்காலில் இருந்தன. ட்ரம்ஸ் வந்த பிறகும் எடுக்கவில்லை. எங்களுக்கு முன் வரிசையில் இருந்தவர்களும் அப்படியே. ஏழு நிமிடத்துக்கு அத்தனை கைகளும் அசையாமல் இருந்தன. லைஃப்ஸனின் சோலோ வந்தபோது ஃபோர்க்லிஃப்ட்காரர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அது கடைசி அல்பம் என்று அப்போது யாருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. பிரியாவிடை சொல்லவென்று எழுதிய பாட்டு இல்லை இது. அப்படி எழுதியிருந்தால் இவ்வளவு நேராக வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், கண்ணீருக்கு இடம்விட்டு எழுதியிருப்பார்கள்.

2015இல் நாற்பதாண்டுச் சுற்றுப்பயணம், 35 கச்சேரி. பியர்ட்டுக்குத் தோளிலும் காலிலும் வலி. ஓகஸ்ட் 1ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் ஃபோரம் அரங்கில் கடைசி. வழக்கமாகக் கச்சேரி முடிந்ததும் எழுந்து பின்னால் போய்விடுகிறவர், அன்றைக்கு மட்டும் ட்ரம்ஸைத் தாண்டி முன்னால் வந்து மற்ற இருவரையும் கட்டிப்பிடித்தார். அந்தச் சுற்றுப்பயணத்தில் "த கார்டன்" இடம்பெறவில்லை. அதற்குப் பதிலாக, 33 வருடம் மேடையேறாமல் கிடந்த "லூசிங் இற்" முதல் தடவையாக வந்தது, ரொறன்ரோவில் பென் மிங்க்கே வந்து வயலின் வாசித்தார். அதைப் பியர்ட் எந்த மனதோடு அடித்தார் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்த வருடக் கடைசியில் ஒரு நேர்காணலில், தன் சின்ன மகள் புதுச் சிநேகிதர்களிடம் "என் அப்பா ஓய்வுபெற்ற ட்ரம்மர்" என்று அறிமுகப்படுத்துவதாகவும், அதைக் கேட்க வலிக்கவில்லை என்றும் சொன்னார். அந்த நடனக்காரியை எழுதியவரா இது என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் மூளையில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. மூன்றரை வருடம் நெருங்கியவர்களைத் தவிர வெளியே ஒருவருக்கும் தெரியாது. கெடி லீயும் லைஃப்ஸனும் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. 2020 ஜனவரி 7ஆம் திகதி இறந்தார், வெள்ளிக்கிழமை, 10ஆம் திகதிதான் அறிவித்தார்கள். நான் 401 நெடுஞ்சாலையில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். கியூ 107இல் ஒன்றன்பின் ஒன்றாக ரஷ் போட்டுக்கொண்டே இருந்தார்கள், அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஃபோர்க்லிஃப்ட்காரருக்கு அழைத்தேன். எடுத்தார், ஒன்றும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை, இரண்டு பக்கமும் ஒரே பாட்டுத்தான் போய்க்கொண்டிருந்தது.

2025 ஒக்ரோபரில் ஒரு செய்தி. கெடி லீயும் லைஃப்ஸனும் 2026இல் மறுபடி மேடையேறுகிறார்கள், ட்ரம்ஸுக்கு அனிகா நிலஸ் என்ற ஜெர்மன் பெண். தொடக்கம் அதே ஃபோரத்தில், ஓகஸ்ட்டில் ரொறன்ரோ. பியர்ட்டின் மனைவியும் மகளும் வாழ்த்திச் செய்தி கொடுத்திருந்தார்கள். எனக்கு இரண்டு மனம். அவருடைய கதிரையில் இன்னொருவர் இருப்பதைப் பார்க்க வேண்டுமா என்று ஒரு மனம். அந்த இரண்டு பேருக்கும் இன்னும் வாசிக்க ஆசை இருக்கிறதே, எழுபது தாண்டிய வயதில் எட்டாம் வகுப்புச் சிநேகிதர்கள் இருவரும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் நிற்கப் போகிறார்களே என்று இன்னொரு மனம். இரண்டாவதுதான் வென்றது. "த கார்டன்" வாசிப்பார்களோ தெரியாது. வாசித்தால் அங்கே இருக்க விரும்புகிறேன்.

அன்றைக்கு இரவே ஃபோர்க்லிஃப்ட்காரருக்கு அழைத்தேன். இப்போது பீற்றர்பரோவில் மகளோடு இருக்கிறார். வாறீங்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, முழங்கால் இரண்டும் மோசம், படி ஏறமாட்டேன், கீழ் வரிசையில் இருக்கிறதா பார் என்றார்.